மாயழகரின் கல்

பொய்யை ஒரு தரம் சொல்லிவிட்டு விட்டால் பொறுத்துக்கொண்டு போகலாம். ஐயாத்துரையர் அதை வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு சுற்றுலா வானுக்கும் சொன்னார்.

மாங்குளத்திலிருந்து உள்ளே போகிற கிரவல் ரோட்டில், கனகராயன் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த மில். முன்பு சனம் அதைத் 'தண்ணி மில்' என்றுதான் சொல்லும். இப்போது அது 'ஆத்தங்கரை மில் விடுதி'. நெல் மூட்டை அடுக்கிய இடத்தில் மேசை கதிரை. மா விழுந்த இடத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் கேக். வெளியே, ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற மரச்சில்லுச் சக்கரத்துக்கு மண்ணிறப் பெயின்ற் அடித்து, பச்சையும் சிவப்புமாக லைற் கட்டி விட்டிருந்தார்கள். ஆறு அதைச் சுற்றுவதில்லை. பின்னால் ஒளித்து வைத்த மோட்டர் சுற்றுகிறது. படம் எடுக்கிறவர்களுக்காக மேலேயிருந்து பம்பில் தண்ணீர் கொட்டும்.

“தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை பாருங்கோ,” என்று ஐயாத்துரையர் தொடங்குவார். “வன்னிக்குள்ளை ஒரு சொட்டு டீசல் வராது. சனம் உரலிலை குத்திக் குத்திக் கை காய்ச்சுப்போச்சுது. நான் இருந்து யோசிச்சன். ஆறு சும்மாதானே ஓடுது, அதைப் பிடிச்சு வேலை வாங்கினா என்ன? இந்தச் சில்லு முழுக்க என்ரை மூளை.”

இதைச் சொல்லும்போது அவருடைய முன்பக்கத் தங்கப் பல் பளிச்சென்று தெரியும். கொழும்பு ஆட்களும் வெளிநாட்டு ஆட்களும் “ஆ” என்று வாயைப் பிளப்பார்கள். பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நிற்கிற ராஜினிக்கு வயிறு பற்றி எரியும்.

மூளையாம்! சைக்கிளுக்குச் செயின் கழன்றால் கொளுவத் தெரியாத மனுசன். மழைக்குக் கதவு இறுகினால் கூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டது அவளுடைய அப்பாவைத்தான். அந்த அப்பாவின் பெயர் அங்கே ஒரு பலகையிலும் இல்லை. வாசலில் கருங்கல் பலகையில் பொறித்து வைத்திருந்தது இப்படி: 'திரு. ஐயாத்துரை அவர்களின் சிந்தனையில் உருவான நீராலை'. ராஜினி ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பலகையைத் துடைக்க வேண்டும். அது அவளுடைய வேலைகளில் ஒன்று. துடைக்கிற சாட்டில் அவள் அதில் துப்பியிருக்கிறாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளுடைய அப்பா மாயழகு மலைநாட்டு ஆள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அந்தத் தொழிற்சாலையில் மலையிலிருந்து விழுகிற தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சில்லைச் சுற்ற வைத்துத்தான் தேயிலை அரைத்தார்கள். எழுபத்தேழு கலவரத்தில் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது, கைக்குழந்தை ராஜினியையும் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். ஐயாத்துரையரின் வயலில் கூலிக்கு நின்றார். பெண்சாதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு தகப்பனும் மகளுமாக வயல் மூலையில் ஒரு கொட்டிலில் கிடந்தார்கள். ஊரில் அவருக்குப் பெயர் மாயழகு இல்லை. 'தோட்டக்காட்டான்' என்பார்கள், முகத்துக்கு நேரே.

தடைக் காலத்தில் ஐயாத்துரையரின் டீசல் மில் பூட்டிக் கிடந்து துருப்பிடித்தது. அப்போது மாயழகர்தான் ஆற்றுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் போட்டு மறித்து, வாய்க்கால் வெட்டி, முதிரைப் பலகையில் சில்லு செய்து, படுத்துப்போன லொறியின் அச்சை அதற்குள் கோத்தார். குரக்கன் அரைக்கக் கருங்கல்லில் இரண்டு வட்டக் கல்லுக் கொத்தினார். கொத்துகிறபோது தெறித்த கல்துணுக்கு ஒன்று அவருடைய இடக் கண் ஓரத்தில் கடைசிவரை கறுப்பாக இருந்தது. மாரி தொடங்கியதும் ஆறு வந்தது, சில்லு சுற்றியது. சனம் சைக்கிளிலும் மாட்டு வண்டிலிலும் நெல்லையும் குரக்கனையும் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. வருமானத்தில் பாதிப் பாதி என்று ஐயாத்துரையர் வாயால் சொன்னார். வாய்தானே, எதையும் சொல்லும்.

மாயழகருக்கு ஒரு பழக்கம். மாரிக்கு முதல் முறை வாய்க்கால் பலகையைத் தூக்கும் முன் மேல் கல்லுக்குச் சந்தனம் பூசி, கற்பூரம் கொளுத்தி, “முனியப்பா, பாத்துக்க” என்று தேங்காய் உடைப்பார். தோட்டத்தில் மிசினுக்குக் காவல் முனியாண்டிதான், அந்தப் பழக்கம். ஐயாத்துரையர் முதலில் சிரித்தார். ஒரு வருடம், தேங்காய் வாங்கிவரப் போன மாயழகர் திரும்பி வருமுன் தானே பலகையைத் தூக்கிவிட்டார். பெல்ட் அறுந்து வந்து அவருடைய முன்பல்லைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தேங்காய் உடைக்கிற நாளில் மாயழகருக்குப் பின்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற முதல் ஆள் அவர்தான். தங்கப் பல் வந்த கதை இதுதான். இதை அவர் ஒரு வானுக்கும் சொன்னதில்லை.

சரி, பல்லை விடுவோம். ராஜினியின் நெஞ்சில் கிடந்து கனன்றது வேறு.

இரண்டாயிரத்து எட்டு, மாரி. ஷெல் மாங்குளத்தைத் தாண்டி விழத் தொடங்கியிருந்தது. மில் கூரையில் விழுந்த ஒன்று மாயழகரின் இடுப்பைக் கிழித்துவிட்டது. ராஜினி அவரைப் படுக்க வைத்துவிட்டு, ஏற்றிக்கொண்டு போக ஒரு சைக்கிளாவது கிடைக்குமா என்று ஊருக்குள் ஓடினாள். அந்த நேரம்தான் ஐயாத்துரையர் உழவு இயந்திரத்தோடு மில்லுக்கு வந்தார். பெண்சாதி பத்மாசனியை முதல் நடையிலேயே ஒட்டுசுட்டான் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார். இது சாமான் ஏற்றுகிற நடை. பெல்ட், இரும்பு, நெல் மூட்டை, அந்த மூட்டைக்கு மேல் ஒரு தேக்கு அலுமாரி.

மாயழகர் ஊர்ந்து ஊர்ந்து வாசலுக்கு வந்தார். “ஒரு ஓரமா ஏத்திக்கங்கய்யா. மூட்டைக்கு மேல கெடந்துக்கிறேன்.”

“ஏத்த இடமில்லை, மாயழகு,” என்று சொல்லிவிட்டு ஐயாத்துரையர் அலுமாரியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

ராஜினி ஓட்டைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது ரோட்டில் சேறு மட்டும்தான் கிழிந்து கிடந்தது. நடந்ததை அப்பாதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “பாவம், அவருக்கும் சாமான் இருக்குல்ல,” என்றார். பொழுது படும் முன்னமே அப்பாவின் உயிர் போய்விட்டது. அவ்வழியால் இடம்பெயர்ந்து போன ஒரு குடும்பத்து மனுசன் குழி வெட்டித் தந்தான். மில்லுக்குப் பின்னால், மருதமரத்துக்குக் கீழே. பன்றியும் நாயும் கிளறாமல் இருக்க, அலவாங்குக் கம்பி போட்டு மேல் கல்லைப் பெயர்த்து உருட்டி வந்து மண்ணுக்கு மேலே வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் பிறகு முள்ளிவாய்க்காலில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆகவே அந்தக் கல்லுக்குக் கீழே யார் என்பது இந்த உலகத்தில் ராஜினி ஒருத்திக்குத்தான் தெரியும்.

முகாமில் கிடந்து, தறப்பாள் கூடாரத்துக்குள் வெந்து, அவள் ஊருக்குத் திரும்பியபோது ஐயாத்துரையர் முந்திக்கொண்டு வந்து காணியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்திருந்தார்.

“எங்கையடி கொப்பன்?” என்று வேலிக்கு உள்ளே நின்று கேட்டார்.

“காணாமல் போட்டார் ஐயா.”

“ம்ம். பாவம்,” என்றார். அந்தப் பாவத்தோடு அவருக்கு விசயம் முடிந்துவிட்டது.

அவள் ஏன் பொய் சொன்னாள்? அந்த வாய்க்கு அப்பா படுத்திருக்கிற இடத்தைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. விடுதி தொடங்கி, குசினியில் சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். காலையில் ஊற்றுகிற முதல் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கல்லுக்கு மேல் ஊற்றுவாள், சாயம் கடுப்பாக, சீனி இரண்டு கரண்டி. அப்பாவுக்கு அப்படித்தான் வேண்டும். பிறகு முன்னால் போய் அந்தப் பொய்ப் பலகையைத் துடைப்பாள். இப்படியே வருடங்கள் போயின. 'எனக்கும் ஒரு நாள் வரும்' என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கப் போயின.

அந்த நாளைக் கொண்டுவந்தவன் நிருஷன். ஐயாத்துரையரின் ஒரே மகன், சுவிஸில் இருக்கிறவன். லீவில் வந்தவன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தான். நீலமாகத் தண்ணீர், சுற்றிவரக் குடை.

“அப்பா, ஸ்விம்மிங் பூல் இல்லாட்டி இனி ஒருத்தரும் வரமாட்டினம். குசினிக்குப் பின்னாலை அந்த மருதமரத்தடி சோக்கான இடம். மரத்தைத் தறிப்பம். அந்தப் பழைய கல்லை முன்னுக்குக் கொண்டுவந்து மேசையாப் போடுவம், சனம் இருந்து செல்ஃபி எடுக்கும். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், ஐயரைக் கூப்பிட்டுக் கல்லு நாட்டிப்போட்டு அண்டைக்கே பெக்கோவை இறக்குவம்.”

பெக்கோ என்றால் மண் தோண்டுகிற அந்தப் பெரிய மஞ்சள் மிசின். ராஜினி கழுவிக்கொண்டிருந்த தாச்சி கையிலிருந்து நழுவியது. பெக்கோவின் பெரிய இரும்பு வாளி அப்பாவின் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிற சத்தம் அப்போதே அவளுடைய காதில் கேட்டுவிட்டது.

சொல்லிவிடலாம். 'தோண்டாதேங்கோ, என்ரை அப்பா கிடக்கிறார்' என்று ஒரு வசனம் போதும். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டிய இடத்தில் எலும்பு வந்தது. பொலிஸ் வந்து மஞ்சள் நாடா கட்டியது, நீதவான் வந்தார், வெள்ளை உடுப்புக்காரர் வந்து தும்புத்தடியால் கூட்டுகிற மாதிரிக் கூட்டி எடுத்துப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். யாருடையது என்று பரிசோதிக்கப் போனது போனதுதான். அந்த வீட்டுக்காரி இன்றைக்கும் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைகிறாள். அப்பாவையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, ஏதோ ஓர் அறையில், ஏதோ ஓர் இறாக்கைத் தட்டில் அடுக்குவார்கள். இல்லை. அது நடக்கக் கூடாது. சொல்லாவிட்டாலோ, அப்பாவுக்கு மேல் காற்சட்டையோடு ஆட்கள் குதித்துக் குளிப்பார்கள்.

'உயிரோடை கேட்டபோது ஓரத்திலை இடம் இல்லை எண்டவன். செத்த பிறகும் இடம் விடமாட்டானோ?' அன்றைக்கு முழுவதும் இந்த ஒன்றையே மென்றுகொண்டு திரிந்தாள். மென்று மென்று, கடைசியில் அதிலிருந்தே ஒரு வழி வந்தது.

அடுத்த நாள் மாங்குளம் சந்திக்குப் போய் ஒரு சின்னச் சூலமும் தேசிக்காயும் வாங்கி வந்தாள். கல்லுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, பக்கத்தில் சூலத்தை நட்டு, தேசிக்காயைக் குத்தினாள். கற்பூரம் கொளுத்தினாள். வன்னியில் ஒரு கல்லும் ஒரு சூலமும் போதும். யார் நட்டது, எப்போது நட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. மரக்கறி கொண்டுவந்த ஓட்டோக்காரப் பெடியன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனான்.

ஐயாத்துரையர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

“ஆரடி இதை நட்டது?”

“நான்தான் ஐயா. அப்பா தேங்காய் உடைச்சுக் கும்பிட்ட கல்லெல்லே. ஐயாவும் கும்பிட்டனீங்கள்தானே?”

அவருடைய நாக்கு உள்ளுக்குள் தங்கப் பல்லைத் தடவியதை அவள் கண்டாள். உடனே மூஞ்சியை இறுக்கிக்கொண்டார். “அது குரக்கன் அரைச்ச கல்லு. சாமியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. கொப்பன்ரை தோட்டக்காட்டுப் பழக்கத்தை இஞ்சை கொண்டு வராதை.” சூலத்தைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்.

நல்லது. எறியட்டும் என்றுதான் அவள் இருந்தாள். சூலத்தைப் பிடுங்கி எறிந்த கதை மத்தியானத்துக்குள் பத்மாசனியின் காதுக்குப் போனது. போகிறபடி ராஜினி பார்த்துக்கொண்டாள்.

“உங்களுக்கென்ன விசரே? நட்ட சூலத்தை ஆராவது பிடுங்குவினமே?” என்று பத்மாசனி புருசனைப் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தார். அவர் எழும்பிப் போனார். இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மருதமரத்தடியில் கோலம், கும்பம், வாழை. பெக்கோவுக்கும் ஒரு மாலை. சொந்தக்காரரும் அயலட்டையும் வந்து நின்றார்கள். ஐயர் மந்திரம் சொல்லி மணியைக் கிலுக்கினார். ராஜினி முதல் நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். தலை முழுகி, மயிரை விரித்து விட்டு, ஈரச் சேலையோடு சனத்துக்குப் பின்னால் நின்றாள். வற்றாப்பளை அம்மன் பொங்கலில் கலை வந்து சாமியாடுகிற பெண்களை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். எப்படித் தொடங்க வேண்டும், எங்கே கத்த வேண்டும் என்று குசினிக்குள் யோசித்தும் வைத்திருந்தாள். நடிப்புத்தான். அதில் அவளுக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை.

ஆனால் முதல் கத்து வெளியே வந்தபோது அவளே திடுக்கிட்டுப் போனாள். இத்தனை வருடமாக விழுங்கியது அத்தனையும் ஒரேயடியாகத் தொண்டையால் வந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு போய்க் கல்லுக்கு மேல் ஏறினாள். ஐயரின் கையிலிருந்து மணி விழுந்தது.

“ஐயோ, கலை வந்திட்டுது!” என்று பத்மாசனி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். “ஆரப்பா வந்திருக்கிறது? ஆரெண்டு சொல்லிப்போட்டுப் போ அப்பா!”

“அம்மா, அவ நடிக்கிறா,” என்றான் நிருஷன்.

“வாயைப் பொத்தடா!” பத்மாசனி அவனுடைய கன்னத்தில் ஒன்று வைத்தார், வெளிநாட்டு மகன் என்றும் பாராமல்.

ராஜினி பேசினாள். ஊர்ப் பேச்சு இல்லை, அப்பாவின் மலைநாட்டுப் பேச்சு. “எவன்டா என் கல்ல மேசையாக்கப் போறவன்? எவன்டா என் சூலத்த ஆத்துல வீசுனவன்? நான் ஓட்டுன ஆத்த, நான் சுத்துன சில்ல, ஒன் மூளைன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?” ஐயாத்துரையரை அவள் எதிரே நின்று நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது அவருடைய மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டி, வாடா போடா என்று ஏசினாள். சாமியை யார் குறை சொல்வது? ஏச ஏச உடம்புக்குள் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஏசினாள்.

ஐயாத்துரையர் பொல்லைத் தரையில் குத்தினார். “எடியே ராஜினி, இறங்கடி கீழை. உன்ரை கூத்து எனக்குத் தெரியும்.”

சனம் அவரையும் பார்த்தது, அவளையும் பார்த்தது. பெக்கோக்காரன் மிசினில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். இந்த இடத்தில் தவறினால் எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. கத்துவதை நிறுத்தினாள். கல்லில் இருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிலத்தில் ஊர்ந்து ஊர்ந்து அவருடைய காலடிக்குப் போனாள். அண்ணாந்து பார்த்து, மெதுவாக, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

“ஒரு ஓரமா ஏத்திக்கங்கய்யா. மூட்டைக்கு மேல கெடந்துக்கிறேன்.”

அந்த வாசலில் அன்றைக்கு நின்றது இரண்டே பேர். ஒருவர் காணாமல் போனவர். மற்றவர் அதைப் பெண்சாதிக்குக்கூடச் சொல்லாதவர். ஐயாத்துரையரின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. பொல்லு விழுந்தது. “மாயழகு…” என்று வாய்க்குள் சொன்னார். பிறகு உரக்கச் சொன்னார். “மாயழகு! ஐயோ, மாயழகு!” முழந்தாள் மடிந்து அவளுக்கு முன்னால் விழுந்தார், நெற்றி மண்ணில் பட.

“மாயழகு முனியாம்! முனியப்பர் வந்திருக்கிறாராம்!” என்று யாரோ பின்னால் கத்த, சனம் முழுக்கக் கையெடுத்தது.

முனி கட்டளை இட்டது. இந்த மண்ணில் ஒரு பிடி தோண்டக் கூடாது. மரத்தில் கை வைக்கக் கூடாது. பேரைப் பெரிசாகப் பலகையில் எழுத வேண்டும், முன் வாசலில். வெள்ளிக்கு வெள்ளி இந்த மனுசனே தன் கையால் தேங்காய் உடைத்து விழுந்து கும்பிட வேண்டும். சொல்லிவிட்டு ராஜினி சுருண்டு விழுந்தாள். வேப்பிலையால் விசிறித் தண்ணீர் தெளித்தார்கள். அதற்குள் பெக்கோக்காரன் மிசினைப் பின்னுக்கு எடுத்துவிட்டான். “நான் இந்தக் காணியிலை வாளி வைக்க மாட்டன் ஐயா. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு.”

நிருஷன் லீவு முடியும் முன்னமே சுவிஸுக்கு ஏறிப்போனான். வாசலில் இருந்த பொய்ப் பலகையைப் பெயர்த்துவிட்டு, பத்மாசனி முன்னுக்கு நின்று புதுப் பலகை போடுவித்தார்: 'தண்ணி மில் அருள்மிகு மாயழகு முனியப்பர்'. தகரக் கொட்டகை வந்தது, மணி வந்தது, உண்டியல் வந்தது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வருகிற வான்காரர், ரோட்டை விட்டு உள்ளே இறங்கி இங்கேயும் ஒன்று உடைத்தார்கள். சாராயப் போத்தலோடு வருகிற கூட்டம் நின்றுபோனது. சில்லு மட்டும் பழையபடி மோட்டரில் சுற்றிக்கொண்டிருந்தது. “இதை ஆர் செய்தது?” என்று வந்தவர்கள் கேட்டால் ஐயாத்துரையர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, “மாயழகர்,” என்பார். அவ்வளவுதான். வேறு கதை இல்லை.

வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ராஜினி காத்திருந்தாள். தேங்காய் உடைகிற சத்தம் காதுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பிறகு அந்தக் கிழவர் முழங்கால் நோவோடு, “ஆ… ஊ…” என்று முனகிக்கொண்டு குனிவார். தோட்டக்காட்டான் காலடியில் குனிகிறார். தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டுவார். அவள் கண்டும் காணாத மாதிரித் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். இப்படி ஒரு இன்பம் உலகத்தில் உண்டென்று அவளுக்கு முன்பு தெரியாது.

ஒன்றைத்தான் அவள் கணக்கில் எடுக்கவில்லை. அப்பாவின் திதி வந்தபோது சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்துப் படைத்து, வாய்விட்டு ஒருபாட்டம் அழ வேண்டும் போலிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு பஸ் சனம். பத்மாசனி சைவமாக வைத்திருக்கிற முனிக்கு முன்னால் கருவாடா? ஒப்பாரியா? ஒரு மூலையில் நின்று, “முனியப்பா, முனியப்பா,” என்று மற்றவர்களோடு சேர்ந்து சொன்னாள். அப்பா என்று கூப்பிட முடியவில்லை. அந்த ஆத்திரத்தையும் ஐயாத்துரையரின் தலையில்தான் போட்டாள். வேறு யார் தலையில் போடுவது?

அடுத்த மாரிக்குள் ஐயாத்துரையருக்கு நெஞ்சு வருத்தம் முற்றிவிட்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டிச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள், இந்த வயதில் உயிருக்கு உறுதி சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார்கள். வெளிக்கிடுகிற அன்று வெள்ளிக்கிழமை இல்லை. சனமும் இல்லை. பத்மாசனி வானுக்குள் தலையணை அடுக்கிக்கொண்டிருந்தார். கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு தனியே கொட்டகைக்கு வந்தார். ராஜினி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

“பிள்ளை,” என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல். “நீ அண்டைக்கு ஆடினது பொய்யோ மெய்யோ எண்டு நான் கேக்கேல்லை. கொப்பர் உதுக்குக் கீழைதான் கிடக்கிறார் எண்டதும் எனக்கு எப்பவோ விளங்கிட்டுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்.”

அவள் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“அந்த அலுமாரி… ஒட்டுசுட்டானுக்கும் போய்ச் சேரேல்லை. வழியிலை சேத்துக்குள்ளை தள்ளிவிட்டிட்டுத்தான் போனனான். அரை மணித்தியாலம் முந்தித் தள்ளியிருந்தா…” மூச்சு வாங்கியது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். “உன்னைத்தான் அவர் கேப்பார். ஒருக்காக் கேட்டுச் சொல்லு பிள்ளை. கொப்பர் என்னை மன்னிச்சிட்டாரோ?”

கொப்பன் கொப்பராகியிருந்தான். அவருடைய கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பு இல்லை. ஓம் என்று ஒரு சொல். அது போதும், கிழவர் நிம்மதியாக வானில் ஏறுவார். அப்பா இருந்தால் அந்தச் சொல்லை எப்போதோ சொல்லியிருப்பார் என்றும் அவளுக்குத் தெரியும். 'பாவம், அவருக்கும் சாமான் இருக்குல்ல' என்று குடல் சரிந்து கிடந்தபடி சொன்ன மனுசன். அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மன்னிக்கிறவர் மண்ணுக்குக் கீழே கிடக்கிறார், மன்னிக்கப்பட்டவர் மெத்தையில் படுத்துப் போகப் போகிறார்.

கோப்பையைக் கீழே வைத்தாள். கல்லில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். தகரச் சூட்டில் கல்லும் சுட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா என்ன சொல்வார் என்ற பயத்தில் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். “கேட்டனான் ஐயா.”

“என்னவாம்?”

“ஏத்த இடமில்லையாம்.”

ஐயாத்துரையர் தூணிலிருந்து கையை எடுத்தார். பிறகு, சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். பொல்லின் சத்தம் வான் வரைக்கும் போனது. பத்மாசனி அவரை ஏற்றி, தலையணைகளுக்கு நடுவே சாய வைத்துக் கதவை இழுத்துச் சாத்தினார். வான் கிரவல் ரோட்டில் ஏறிக் கண்ணுக்கு மறைந்தது.

ராஜினி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் கல்லுக்கு மேல் ஊற்றினாள். பாதி வெளியே மண்ணில் போனது. ஒருவரும் இல்லை. “அப்பா,” என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். அந்தப் பதிலுக்கு அவர் ஏசுவார் என்று அவளுக்குத் தெரியும். ஏசட்டும் என்று அந்த இடத்திலேயே இருந்து, குரல் கம்முகிற வரைக்கும் அழுதாள்.